காதில் ஒட்டிய கடுகு

இரவு ஷிப்ட் முடிந்த கம்பெனிப் பேருந்துகள் ஒரகடம் கூட்டுரோட்டில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் காலை வேளையில், அறைக்குப் போய்ப் படுப்பதற்கு முன்னால் மருந்துக்கடை மாடியில் இருக்கும் என் சிகிச்சை அறைக்கு ஏறி வருகிறவர்களில் அநேகர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். எண்டோஸ்கோப்பிப் படம், வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் எல்லாம் அதற்குள் மடங்கிக் கசங்கிக் கிடக்கும். அவ்வளவையும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து முடிக்கும்வரை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில், "அல்சர் மேடம்" என்று ஒரே வார்த்தையில் தம் சரித்திரத்தைச் சொல்லி முடிப்பார்கள். அந்தக் காகிதங்கள் எதிலும் அல்சர் என்று எழுதியிராது. மார்புக்குக் கீழே தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் அதற்கு அல்சர் என்று பெயர் வைத்துவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். தொப்புளுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதே உபத்திரவம் 'கேஸ்' ஆகிவிடும்.

காகிதங்களில் இருப்பதெல்லாம் 'நார்மல்' என்ற சொல்தான். ஆரோக்கியமாக இருப்பவனுக்கு அதைவிட இனிய சொல் இல்லை. ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தில் பாதியைப் பரிசோதனைகளுக்குக் கொடுத்துவிட்டு, புளித்த ஏப்பமும் பொருமலுமாக நிற்பவனுக்கு அது அவமானமாகவே படுகிறது. "எல்லாம் நார்மல்னா, நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இரைப்பையில் புண் இல்லை, குடலில் அடைப்பு இல்லை, கல்லீரலில் கோளாறு இல்லை, ஆனாலும் ஜீரணத்தின் தாளம் மட்டும் தவறிவிட்டது என்கிற இந்த நிலையைத்தான் வைத்திய சாஸ்திரம் செயல்பாட்டுக் கோளாறு என்று சொல்லிவந்தது. ரோம் நகரின் பெயரால் வழங்கும் சர்வதேச வரையறைகளின் நான்காம் பதிப்பு 2016-ல் வெளிவந்தபோது, அதை மூளைக்கும் குடலுக்கும் உள்ள உறவில் நேரும் கோளாறு என்று பெயர் மாற்றி எழுதினார்கள். பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவருக்கு இதை விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது அவரே எடுத்துக்கொடுத்தார்: "பார்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், டைமிங்தான் போயிருச்சு, அப்படித்தானே?" அன்று முதல் நான் வேறு விளக்கம் தேடவில்லை.

டைமிங் போவதற்கு இந்தப் பிரதேசத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. 1017-ல் ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த பூமியில், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல், சுங்குவார்சத்திரத்தில் கைபேசியும் ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளுமாகத் தொழிற்சாலைகள் முளைத்துவிட்டன. அவற்றுக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்தும் வந்து இறங்கிய இளைஞர்களும் யுவதிகளும் எத்தனை பேர் என்பதை, வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண்களுக்கென்று திறந்த விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேருக்கு இடம் என்பதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். இவர்களில் பலருக்கு வாரத்துக்கு வாரம், காலைக்கு ஏ, மாலைக்கு பி, இரவுக்கு சி என்று ஷிப்ட் மாறும். பெருங்குடலோ இரவில் உறங்கி, விடிந்ததும் விழித்து, முதல் ஆகாரம் உள்ளே போனவுடன் பெரிய அலையாகச் சுருங்கி வேலையைத் தொடங்கும் பழக்கமுள்ளது. அதற்கு ஷிப்ட் அட்டவணையை யாரும் காட்டவில்லை. நள்ளிரவில் கேண்டீன் சாம்பார் சாதம் வந்து விழும்போது அது தூங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் அது எழுந்து வேலை செய்யப் பார்க்கும்போது இவர்கள் தூங்கப் போகிறார்கள்.

இந்த வயிறுகளுக்கு வைத்தியம் பார்க்க நான் காதைப் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2000-ல் சென்னை அரும்பாக்கத்தில் தொடங்கிய அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்தவள் நான். அங்கே அக்குபஞ்சர் ஒரு பாடம். அதிலே காது ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்தை நான் அப்போது சட்டை செய்யவே இல்லை. 1938-ல் டாக்டர் கோட்னிஸுடன் சீனத்துக்குப் போன இந்திய வைத்தியக் குழுவில் இருந்த டாக்டர் விஜயகுமார் பாசு, பிற்பாடு மறுபடியும் அங்கே போய் இந்த வித்தையைக் கற்று வந்து கல்கத்தாவில் 1959 முதல் பிரயோகித்தார் என்பதைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மத்திய அரசு அங்கீகரித்தது 2019 பிப்ரவரியில். அதற்கு வெகு முன்பே கூட்டுரோட்டில் ஊசி போட ஆரம்பித்துவிட்ட என்னைப் பார்த்து, பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருவர், "காது குத்துறீங்களாமே, மொய் எவ்வளவு?" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் கேலியில் ஒரு நியாயம் இருந்தது. காதைத் துளைப்பதும் குடலைக் குணப்படுத்துவதும் சம்பந்தமுள்ள காரியங்கள் என்று நினைத்தவர்கள் நம் தேசத்திலேயே பண்டைக்காலத்தில் இருந்திருக்கிறார்கள். குடலிறக்கத்துக்கு, எந்தப் பக்கம் இறக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் காதின் அருகே சிரையைத் துளைக்கச் சொல்லும் இடம் சுசுருத சம்ஹிதையில் உண்டு. ஆனால் இன்று நாங்கள் பயன்படுத்தும் காது வரைபடம் அங்கிருந்து வந்ததல்ல, பலர் எண்ணுவதுபோல முழுக்கச் சீனத்திலிருந்து வந்ததுமல்ல. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் வைத்தியராயிருந்த பால் நோஜியே, 1950-களின் தொடக்கத்தில், தம்மிடம் வந்த சில நோயாளிகளின் காதில் ஒரே இடத்தில் சூட்டுத் தழும்பு இருப்பதைக் கண்டு விசாரித்தார். மார்ஸேயில் ஒரு நாட்டு வைத்தியப் பெண்மணி இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்பு வலிக்குக் காதில் சூடு போடுகிறாள், வலியும் குறைகிறது என்று தெரிந்தது. மாந்தம் என்று குழந்தையின் வயிற்றில் சூடு போட்ட கிழவிகளைக் கண்டிருக்கும் நமக்கு இது அதிசயமல்ல. அதிசயம் அவர் மேற்கொண்டு செய்ததுதான்: அந்தத் தழும்பிலிருந்து யோசிக்கத் தொடங்கி, காது மடல் என்பது தலைகீழாகக் கிடக்கும் சிசுவின் உருவம், சோணை தலை, நடுவிலுள்ள கிண்ணம் போன்ற குழி உள்ளுறுப்புகள் என்று ஒரு முழு வரைபடமே எழுதிவிட்டார். அது வெளியான சில காலத்துக்குள் சீனர்களும் தங்கள் வரைபடத்தை விரித்தார்கள். இரண்டும் பல இடங்களில் ஒத்துவரவில்லை. 1990-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் அதே லியோனில் கூடிப் புள்ளிகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள்.

தலைகீழ்ச் சிசுவின் பேரில் எனக்கு விசுவாசம் குறைவு. என் ஆச்சியின் காதில் பாம்படம் தோளைத் தொட்டுக்கொண்டு தொங்கும். வரைபடத்தின்படி அவள் ஆயுள் முழுதும் தன் மூளையையே இழுத்துக் கட்டியிருந்தவள். அவள் தலைவலி என்று படுத்து நான் கண்டதில்லை.

ஆனால் கிண்ணக் குழியின் விஷயம் வேறு. காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வருமே, அதற்குக் காரணம் வேகஸ் என்னும் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்கு வந்திருப்பதுதான். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, இருதயத்தையும் நுரையீரலையும் தொட்டு, இரைப்பையையும் குடலையும் எட்டும் அந்த நீண்ட நரம்பு, தோலுக்கு எட்டிப் பார்ப்பது காதின் அந்தக் குழியிலும் துவாரத்தைச் சுற்றியுள்ள இடத்திலும்தான். அதன் இழைகளில் பெரும்பகுதி கீழே கட்டளை கொண்டுபோவன அல்ல. வயிற்றின் சேதியை மூளைக்கு ஏற்றிவருபவை. சீனர்கள் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று பெயரிட்ட புள்ளிகள் இந்தக் குழியிலேயே அமைந்திருப்பது தற்செயலோ, அனுபவமோ, எதுவாயினும் என் தொழிலுக்கு நிற்க ஒரு சாண் தரை அது கொடுத்தது. அமெரிக்காவில், காதின் வழியே மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் கருவி ஒன்றை, 11 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் செயல்பாட்டு வயிற்றுவலிக்காக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் அனுமதித்தபோது, பக்கத்து கிளினிக் டாக்டருக்கு அந்தச் செய்தியை நான் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்துமூன்று வயது, மின்னணுப் பலகைகளில் நுண்ணிய உறுப்புகளைச் சரிபார்க்கும் வேலை.

"கம்பெனி பஸ் வர்ற நேரம் பார்த்துத்தான் அக்கா வயிறு கலக்குது. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்லை."

"உள்ளே போன பிறகு?"

"ரிலீவர் வந்தாத்தான் டாய்லெட் போக முடியும். அதை நினைச்சாலே கலக்குது."

எடை குறையவில்லை, மலத்தில் ரத்தமில்லை, இரவில் வலி எழுப்புவதில்லை. வெளிச்சத்துக்கு நேரே அவளைத் திருப்பி உட்காரவைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காது மடலை மடிப்பு மடிப்பாகத் துடைத்தேன். முனை மழுங்கிய உலோகக் குச்சியால், காதின் வெளி விளிம்பு உள்ளே வளைந்து வந்து முடிகிற இடத்தில் தொடங்கி, குழியின் மேற்பாதியில் நெல்மணி அகல இடைவெளி விட்டு, ஒரே அழுத்தமாக அழுத்திக்கொண்டு போனேன். இந்த வேலையில் அவசரம் கூடாது. கை கனத்தால் எல்லா இடமும் வலிக்கும், கை தளர்ந்தால் எந்த இடமும் வலிக்காது. பெருங்குடலுக்குரிய இடத்தில் குச்சி பட்டதும் அவளுடைய இடது கண் தானாக இடுங்கியது. வாயால் "வலிக்குது" என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கண் இடுங்குவதை நம்புவேன். குச்சி பதிந்த சுவடு மறைவதற்குள், நகத்தளவு பிளாஸ்டரின் நடுவில் ஒட்டியிருக்கும் கறுத்த விதையை இடுக்கியால் எடுத்து அந்தச் சுவட்டில் வைத்து அழுத்தினேன். குழியில் இரண்டு, மேலேயுள்ள முக்கோணப் பள்ளத்தில் சீனர்கள் ஷென்மென் என்று அழைக்கும் புள்ளியில் ஒன்று, ஆக மூன்று விதைகள். சாப்பாட்டுக்கு முன்னும் பஸ் ஏறுமுன்னும் ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம், காது சூடேறும்வரை, விட்டு விட்டு அழுத்தவேண்டும். ஐந்தாம் நாள் எடுத்துவிட்டு மறு காதுக்கு மாற்றவேண்டும்.

அது வக்காரியா என்னும் செடியின் விதை; பார்வைக்குக் கடுகு. ஆகையால் எனக்குக் 'கடுகு டாக்டர்' என்று பெயர் வந்தது; கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதைத் தாங்களே முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொல்வதுபோல என்னிடம் சொல்லாத மனிதர் இந்த வட்டாரத்தில் குறைவு. மறுநாளே அந்தப் பெண் வெறுங்காதோடு திரும்பி வந்தாள். தோடு, மூக்குத்தி எதுவும் அனுமதியில்லாத அந்த வாசலில் சோதனை செய்யும் அம்மாள், பிளாஸ்டரைக் கண்டு சந்தேகித்து உரித்து, உள்ளே இருந்த விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது என்னடி, காதுல தாளிச்சிருக்கே?" என்று கேட்டிருக்கிறாள். நான் லெட்டர்பேடில், இது உலோகமல்ல, ஒரு தாவரத்தின் விதை என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, முதுகுவலிக்கென்று அந்தச் சோதனை அம்மாளே வந்து சேர்ந்தாள்.

ஆறு வாரம் அந்தப் பெண்ணின் கணக்கை எழுதிவைத்தேன். வாரத்தில் எத்தனை நாள் வயிறு கலங்கியது என்பதை ஒரு பத்தியிலும், அந்த வாரத்து ஷிப்டைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதிக்கொண்டு வந்து கடைசியில் பார்த்தால், விதை இருந்ததோ இல்லையோ, ஏ ஷிப்ட் வாரங்கள் நல்லவை, சி ஷிப்ட் வாரங்கள் கெட்டவை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. விதை இருந்த சி ஷிப்ட், விதை இல்லாத சி ஷிப்டைவிடக் கொஞ்சம் தேவலை. அந்தக் 'கொஞ்சம்'தான் என் ஜீவனோபாயம். அவளிடம் காகிதத்தைக் காட்டினேன். "அது சரிதான் அக்கா. ஆனா பஸ்ஸுல உட்கார்ந்து அமுக்கும்போது, அந்த ஒரு நிமிஷம் வேற எதையும் நினைக்கலை" என்றாள்.

போலிச் சிகிச்சையைவிட இது மேலானதா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஓர் ஆராய்ச்சியைத்தான் சொல்வேன். அது என் தொழிலுக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை. பாஸ்டனில் டெட் காப்சுக் என்பவரும் அவருடைய சகாக்களும் இதே செயல்பாட்டுக் கோளாறுகளில் ஒன்றான எரிச்சல் குடல் நோயுள்ள 262 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: ஒரு பிரிவுக்குக் காத்திருப்புப் பட்டியல் மட்டும், இரண்டாவது பிரிவுக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி, பேச்சு அதிகமில்லாமல், மூன்றாவது பிரிவுக்கு அதே போலி ஊசி, ஆனால் வைத்தியர் நிதானமாக உட்கார்ந்து கேட்டு, அனுதாபத்தோடு பேசி, நம்பிக்கையூட்டிப் போடுவது. மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கண்டவர்கள் முறையே 100-க்கு 28, 44, 62. இது 2008-ல் பிரசுரமாயிற்று. ஊசியே இல்லாத ஊசிக்கு 44. அதோடு வைத்தியரின் கவனமும் சேர்ந்தால் 62. இதைப் படித்த அன்று இரவு, என் விதைகளை எல்லாம் குப்பையில் கொட்டிவிடலாமா என்று கூட யோசித்தேன். பிறகு தோன்றியது: ஒரு தொழிலாளியின் காதை நான் இருபது நிமிஷம் தடவிப் பார்க்காவிட்டால், அந்த இருபது நிமிஷம் அவனோடு நான் பேச நியாயமான காரணம் என்ன இருக்கிறது? சும்மா பேசுவதற்கு அவனும் வரமாட்டான், நானும் பணம் கேட்க முடியாது. விதையை வைத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் நான் செய்த பிழைகளில் சிறியது, முதல் இரண்டு ஆண்டுகள் விதைக்குப் பதிலாகக் காதிலேயே பதித்துவிடும் குட்டி ஊசிகளைப் பிரயோகித்தது. காதின் குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. அங்கே கிருமி புகுந்தால் போராட ஆளில்லை. வெல்டிங் செய்யும் பையன் ஒருவனுக்கு, வியர்வையும் தலைக்கவசமும் சேர்ந்து நான்காம் நாள் மடல் சிவந்து வீங்கி, ஆன்டிபயாட்டிக் மருந்தில் பத்து நாள் கிடந்தான். மடலின் வடிவம் கெடாமல் தப்பியது அவன் அதிர்ஷ்டம். அன்றோடு குட்டி ஊசிகளை நிறுத்தினேன்.

பெரிய பிழை வேறு. ஒடிசாவிலிருந்து வந்து பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் வேலை பார்த்த ஓர் இளைஞன், "வயிறு டைட் மேடம், கேஸ்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். எனக்கு ஒடியா தெரியாது. என் இந்தியும் அரைகுறை. சைகையில் கேட்டேன், சைகையில் சொன்னான். கை வலது பக்க அடிவயிற்றில் நின்றது. காதில் பெருங்குடல் புள்ளி நன்றாக வலித்தது, விதை வைத்தேன். ஒருவாரத்தில் சுகம் என்றான். ஐந்து வாரம் வந்தான். ஒவ்வொரு முறையும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொன்னான். என் மனம் நோகக்கூடாதென்று சொல்லியிருக்கிறான் என்று பிற்பாடு தெரிந்தது. மூன்றாவது வாரம் அவன் படுக்கையில் சாய்ந்தபோது, பெல்ட்டின் ஓட்டைகள் முடிந்த பிறகும் இன்னும் ஒரு ஓட்டை, ஆணியால் அடித்த, ஓரம் பிசிறுள்ள ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் என் குற்றத்துக்குச் சாட்சி. பார்த்தும், அந்த ஓட்டையை ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை. என் கண் காதிலேயே இருந்தது.

ஆறாவது வாரம் அவனுக்குப் பதிலாக அவன் அறைத் தோழன் வந்தான். சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் போர்வை நனையும் வியர்வை, அதெல்லாம் இரண்டு மாதமாக உண்டு என்றான். அரசு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சதைத் துணுக்கெடுத்துச் சோதித்ததில், சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகக்கூடிய நோய். கண்டுபிடிப்பதற்குத்தான் நான் ஐந்து வாரம் குறுக்கே நின்றிருந்தேன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவன் என்னைக் கண்டு எழுந்து உட்கார்ந்து, வலது காதைத் தொட்டுக் காட்டினான். நான் கடைசியாக வைத்த விதை இன்னும் அங்கேயே இருந்தது. நானே அதை உரித்து எடுத்தேன்.

அதன்பிறகு என் அறையில் நாற்காலிக்கு முன்னால் எடை இயந்திரம் வந்தது. யாராயிருந்தாலும் முதலில் அதன்மேல் ஏறிவிட்டுத்தான் காதைக் காட்டவேண்டும். எடை குறைந்தவர், மலத்தில் ரத்தம் கண்டவர், வலியால் இரவில் விழிப்பவர், காய்ச்சல் உள்ளவர், ரத்தசோகையுள்ளவர், ஐம்பது வயதை நெருங்கும்போது புதிதாக வயிற்றுத் தொந்தரவு தொடங்கியவர் ஆகியோரின் காதை நான் தொடுவதில்லை; கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். இந்தி, ஒடியா, வங்காளி மொழிகளில் பதினோரு கேள்விகளை ஓர் அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தவர்கள் கீழே டீக்கடையில் நிற்கும் பையன்கள். டாக்டரிடம் போகச் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். கொடுத்துவிடுவேன்.

அடுத்த ஆண்டு, வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் நெரிந்த ஒரு நாள், படியேறி வந்தவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் நிரம்பியிருந்தது, தமிழும் நிரம்பியிருந்தது. "மாத்திரை எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம், டாக்டர் சரின்னுட்டாரு. இப்ப நிஜமாவே கேஸ்" என்று சிரித்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே செருப்பைக் கழற்றிப் போட்டு எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்றான். முள் 58-ல் நின்றது. பெல்ட் அதே பெல்ட்தான். கொக்கி இப்போது நடு ஓட்டையில் இருந்தது, ஆணியால் அடித்த ஓட்டை வாலில் தனியாகத் தொங்கியது. நான் எடையை நோட்டில் எழுதிக்கொண்டு அட்டையை எடுத்தேன். அவன் பதினோரு கேள்விகளுக்கும் தமிழிலேயே பதில் சொன்னான்.